மேல் லயத்துக்குக் கேட்ட ஸ்பானியப் பாட்டு

ஸ்பானிய மொழியில் எனக்கு ஒரு வார்த்தையும் ஒழுங்காகத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவள் பெரிய இவள், ஸ்பெயின் பாட்டெல்லாம் கேட்கிறாளாம் என்று யாராவது உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேண்டிய மட்டும் பிதுக்கியாகிவிட்டது. புதிதாக யாரும் சிரமப்பட வேண்டாம்.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. தங்கியது ஒரு போர்டிங்கில், ஒரே அறையில் ஐந்து பெண்கள். ஒருத்தி போனில் காதலனோடு சண்டை போடுவாள், இன்னொருத்தி சமாதானம் பேசுவாள், மற்ற இருவரும் யார் முதலில் குளிப்பது என்று கத்துவார்கள். நான் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவேன். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டால் அது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும். அப்படித் தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ சுற்றி, ஒருநாள் ஓர் ஆணின் கரகரத்த குரலில் வந்து நின்றது. அவன் பாடவே இல்லை. யாரையோ வாசலில் நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தான். பின்னால் கிட்டார் இரைந்தது, டிரம்ஸ்காரன் அவனுக்குத் தூபம் போட்டான். பாட்டு முடியும்போது குரல் உடைந்து, அழுகிறானா மூச்சு வாங்குகிறானா என்றே தெரியவில்லை.

அட, இவன் நம்ம ஆள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு. ஆனால் அந்தக் கோபத்தை இவ்வளவு அழகாக யாரும் பாட்டில் போட்டு நான் கேட்டதில்லை.

பாட்டின் கீழே கேட்டவர்கள் எழுதியிருந்ததை மொழிபெயர்த்துப் படித்தேன். தெற்கு ஸ்பெயினில் ஏதோ சின்ன ஊர்ப் பையன்களாம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. கராஜில் உட்கார்ந்து தாங்களே பதிவு செய்து, தாங்களே வேனில் சாமான் ஏற்றி, ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்களிடமிருந்து இன்னொரு கூட்டத்துக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தாவினேன். எதையும் நின்று நிதானமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, கடை மாடியில் ஸ்டாக் எடுக்கிற சாக்கில் இரண்டு. கால் ஒரு இடத்தில் நிற்காதவளுக்கு வாய்த்த பாட்டும் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒரு வீடியோ பார்த்தேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. வடக்கு ஸ்பெயினில் ஒரு மலைக்கிராமம். ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே சமையலறை. என் வயதுப் பெண்கள் நாலு பேர், ஓரமாக கிட்டாரோடு ஒருவன். பெண்களில் ஒருத்தியின் கையில் சதுரமான தோல் கொட்டு. நம் ஊரில் வட்டமாக இருப்பது அங்கே சதுரமாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்தி அடுப்பில் வைக்கிற தாச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டுகிறாள். சரக்குப் போத்தல் ஒன்றின் சொரசொரப்பைக் கம்பியால் சுரண்டித் தாளம் போடுகிறாள் வேறொருத்தி. பாட்டு பழைய பாட்டாம், கிழவிகள் பாடியது. இவர்கள் அதற்குள் கிட்டாரையும் கம்ப்யூட்டர் சத்தத்தையும் கொண்டுவந்து கொட்டிக் கலக்கியிருந்தார்கள். முதலில் வெறும் கொட்டு மட்டும் நெடுநேரம் போகும். அதன் பிறகு பெண்கள் அடித்தொண்டையிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பின்னால் நடந்த கூத்து நடந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் அம்மா ஊரிலிருந்து எனக்குப் போன் எடுத்தது. "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது, ஆஸ்பத்திரில வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க, நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவேனா, இவர பாப்பேனா, நீ வா."

கடையில் இரண்டு கிழமை லீவு கேட்டுக்கொண்டு கிளம்பினேன். எல்லோரும் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். நான் ஆசையாய் வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். உயரம் என் இடுப்பளவு. உடுப்பை எல்லாம் ஒரு பையில் அமுக்கிவிட்டேன். ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "நங்கி, கல்யாண வீடா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்பா தேயிலை பெக்டரியில் காய்ந்த தூளுக்கு நடுவே ஆயுள் முழுக்க வேலை செய்தவர். அந்தத் தூள் இப்போது நெஞ்சுக்குள் இருந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. நான் போனபோது ஜன்னலோரம் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். என்னைப் பார்த்தார், பாக்ஸைப் பார்த்தார்.

"என்னாடி இது, அதுக்குள்ள ஸ்பீக்கர் செட்டுக்காரன வரச் சொல்லிட்டியா? இன்னும் சாகலடி நானு."

நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கண் என்னிடம் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் பிடிக்கிற பீலி, பீலிக்கு மேலே படிக்கட்டு, படிக்கட்டு முடிகிற இடத்தில் மேல் லயத்து வரிசை வீடுகள். அங்கே மூன்றாவது காம்பரா வீட்டில்தான் சித்தப்பா இருக்கிறார். அப்பாவின் ஒரே தம்பி.

இரண்டு பேரும் பேசி எத்தனையோ வருஷம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சம்பளம் கூட்டச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது. தோட்டமே வீட்டில் இருந்தபோது சித்தப்பா ஒரு நாள் வேலைக்குப் போய்விட்டார். கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார், பாவம், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றத் தோட்டத்துத் துரையிடம் லொறி கேட்கப் போனவரைப் பிடித்து அன்றைய வேலைக்கும் இறக்கிவிட்டார்கள். அப்பா தொழிற்சங்கத் தலைவர் கூட்டத்தில் முன்னால் நின்ற ஆள். மறுநாள் எல்லோரும் கூடியிருந்த, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், "இவன் எனக்குத் தம்பியே இல்ல" என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால். சித்தப்பா விடுவாரா? "ஒன் சாவுக்குக்கூட வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்றார். அதோடு சரி. ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே கோயிலில் கும்பிட்டார்கள், ஒருவர் வந்தால் மற்றவர் நகர்ந்துகொண்டார்கள்.

இப்போது அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். தம்பி ஒருமுறை வர வேண்டும். வாய் திறந்து சொல்ல மாட்டார். கௌரவம் போய்விடுமே! "மேல் லயத்துல லைட்டு எரியுதா பாரு" என்பார். "மூனாவது காம்பராவுல சத்தமே இல்ல, வேலைக்குப் போயிட்டானோ" என்பார். "இன்னிக்கு மழ, பெரியவன் சின்னவன் எல்லாம் வீட்டுலதான் இருப்பாங்க" என்பார். நேராகப் பெயர் சொல்லிக் கேட்டால் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். சுற்றி வளைத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எரிச்சலோடேயே ஒருநாள் படியேறிப் போனேன். சித்தப்பா வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"ஒங்கப்பன் கூப்புட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல, நான்தான் கூப்புடுறேன்."

"அப்ப போ. சொன்னா சொன்னதுதான் எனக்கு."

கத்தியைத் தீட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. கீழே இறங்கும்போது எனக்கு அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம் அதிகமாக முட்டியது. இரண்டு கிழடுகளையும் ஒரு கயிற்றில் கட்டிப் பீலிக்குள் தள்ள வேண்டும்போல் இருந்தது.

லீவு முடிந்து, நீட்டி, அந்த நீட்டலும் முடிந்துபோயிற்று. கடையிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்கவும் பயமாக இருந்தது. மழை விடவில்லை. வீட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் சுவர், திரும்பி நாலு எட்டு வைத்தால் அப்பா. அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதனால் அம்மா மலைக்குப் போனதும் பாக்ஸைப் போட ஆரம்பித்தேன்.

தெற்கத்திப் பையன்களை முதலில் போட்டேன். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"எவன்டி இவன், கள்ளு குடிச்சிட்டுக் கணக்கப்புள்ளய ஏசுற மாதிரி ஏசுறான்?"

"ஏசலப்பா, பாடுறான்."

"என்னா பாஷ?"

"ஸ்பானிஷ்."

"என்னாவாம் அவனுக்கு?"

"அவன் ஊருல வேல இல்லயாம். கூட்டாளிங்க எல்லாம் வேற தேசம் போயிட்டாங்களாம். இவன் மட்டும் அம்மா வீட்டுலயே கெடக்கானாம்."

அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். "அப்ப ஏசட்டும்" என்றார்.

இப்படித்தான் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாயிற்று. இரண்டு பேருமே அடங்கி இருக்கத் தெரியாதவர்கள். அவரை நெஞ்சு கட்டிப்போட்டிருந்தது, என்னை அவர் கட்டிப்போட்டிருந்தார். பாட்டுப் போட்டால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெளியே போய் வந்த மாதிரி. நான் போனில் மொழிபெயர்ப்பைப் படித்துச் சொல்வேன், பாதி அர்த்தமே இருக்காது, மீதியை நானே கட்டி விடுவேன். கடற்கரை வீடுகளை வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் வாங்கிவிட்டதைப் பற்றி ஒரு பெண் பாடுவாள். "நுவரெலியாவுலயும் அப்புடித்தான" என்பார் அப்பா. சுரங்க வேலைக்காரர்களைப் பற்றி ஒரு பாட்டு. அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். அவர்களுக்கும் நெஞ்சில் தூள் அடைக்குமாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமையலறைப் பெண்களின் பாட்டை நான் சில நாள் கழித்துத்தான் போட்டேன். கொட்டு ஆரம்பித்ததுமே அப்பா தலையணையிலிருந்து நிமிர்ந்துவிட்டார். விரல் கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கியது. பெண்கள் குரல் எடுத்தபோது தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது என்னா பாட்டு?"

"பழைய பாட்டாம்ப்பா. அறுவடைக்கோ எதுக்கோ."

"ம்" என்றார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது, பனிமூட்டம் மட்டும் மலையில் இறங்கியிருந்தது. அம்மா மலைக்குப் போய்விட்டது. நான் அப்பாவுக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அந்தக் கொட்டுப் பாட்டப் போடு புள்ள."

போட்டேன்.

"சத்தம் பத்தல. பாக்ஸ வாசல்ல தூக்கி வையி. உள்ளுக்க எதிரொலிக்கிது, எனக்கு நெஞ்சடைக்கிது."

நியாயமாகத்தான் பட்டது. வாசலில் தூக்கி வைத்தேன்.

"அந்தப் பக்கம் திருப்பு. மேல பாக்க."

திருப்பினேன். "இன்னும் சத்தம்" என்றார். எனக்கும் குஷி பிறந்துவிட்டது. இவ்வளவு நாளும் அடக்கி வாசித்த பாக்ஸ். முழுக்கத் திருகிவிட்டேன். கூரைத் தகரம் அதிர்ந்தது, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் சிதறி ஓடியது. முடிந்ததும் இன்னொரு தரம் என்றார். போட்டேன்.

வாசலில் நின்ற எனக்குக் கிட்டார் கேட்டது, போத்தல் சுரண்டுவது கேட்டது, தாச்சித் தாளம் கேட்டது. ஆனால் பனிமூட்டத்தைத் தாண்டி மேலே மலைக்குப் போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டுதான். கொட்டு, அதற்கு மேல் பெண்கள் குரல் இழுத்து அழுகிற சத்தம். எங்கள் தோட்டத்தில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் மலையில் சிக்னல் கிடையாது. இன்றைக்கும் சாவு விழுந்தால் முதலில் தப்புக் கொட்டுதான் தெரிவிக்கும். தப்பும் ஒப்பாரியும் கேட்டால் கொழுந்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அதுவும் எங்கள் வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று தெரியாத ஆளே இல்லை.

முதலில் வந்தது ஒரு பெரியம்மா. தெருமுனையிலிருந்தே இரண்டு கையையும் தூக்கி, "என்னப் பெத்த ராசா" என்று எடுத்துக்கொண்டே வந்தது. பின்னால் பத்து இருபது பெண்கள், இடுப்பில் கட்டிய படங்குத் துணி, தோளில் கொழுந்துச் சாக்கு. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். உள்ளே அப்பா பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு ஒப்பாரி பாதியில் தொண்டையில் நின்றுபோயிற்று.

"அடப் பாவி மனுசா, உசுரோடயா இருக்க?" என்று சண்டைக்கு நின்றது.

"மன்னிச்சுக்க மதினி" என்றார் அப்பா. "இன்னும் சாகல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய்ப் பாக்ஸை அணைத்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து, முழங்கால் வரை சேறு, எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. திரும்பி வந்து என் கன்னத்தில் விட்டது ஒரு அறை.

"தாலி போச்சுன்னு ஓடியாந்தேன்டி! வர்ற வழியிலயே செத்துருப்பேன்டி நானு!"

அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதது. நானும் அழுதேன். கங்காணி வந்து, "வேலைய விட்டுட்டு அம்புட்டுப் பேரும் எறங்கிட்டீங்க, தொரைக்கு யாரு பதில் சொல்றது?" என்று குதித்தார். பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு ஆளுக்கு ஒரு தேத்தண்ணியாவது ஊற்று என்றார்கள். ஊற்றினேன். கன்னம் எரிய எரிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றினேன்.

அப்பாவுக்கு இந்த ரகளை எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு தலை வாசலில் தெரியும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் சாய்ந்துகொண்டார். கூட்டம் கலைந்து மலைக்குப் போன பிறகு கேட்டார்.

"மேல் லயத்துலேருந்து யாரு யாருடி வந்தா?"

சொன்னேன். சித்தப்பா அதில் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. தோட்டமே ஓடி வந்திருக்கிறது, கூடப் பிறந்த ஆளுக்கு வர மனமில்லையா? என்ன ஜென்மம் இது! குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். தண்ணீர் தேவை இல்லை, யாரையாவது ஏச வேண்டும், அவ்வளவுதான்.

பீலியில் பக்கத்துக் காம்பரா அக்கா உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே அது சொன்னது.

"ஒங்க சித்தப்பாவுக்கு என்னா ஆச்சு புள்ள? இந்தா, இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தாரு."

"எப்ப?"

"கொட்டுச் சத்தம் கேட்டப்ப. படியில எறங்கல அந்த மனுசன். தேயிலக்குள்ளயே விழுந்து அடிச்சு வந்தாரு. இங்க வந்ததும், யாரோ 'பதறாதீங்க, அது பாட்டாம், ஒங்கண்ணன் டீ குடிச்சிட்டு இருக்காரு'ன்னாங்க. அப்புடியே உக்காந்துட்டாரு. ஏங்கி ஏங்கி அழுதாரு புள்ள. பெறகு மொகத்தக் கழுவிட்டு, 'கழுதைக்கு வேற வேல இல்ல'ன்னுட்டு மேல ஏறிப் போயிட்டாரு."

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அம்மா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. எதற்கடி ஓடுகிறாய், இன்னும் என்ன என்று பின்னாலேயே கத்தியது. நான் நிற்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்பா, சித்தப்பா வந்தாங்க. பீலி வரைக்கும் வந்தாங்க. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் அழுதுட்டுத் திரும்பிட்டாங்களாம்."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"படியில வந்தானா?"

"இல்ல. தேயிலக்குள்ளயே எறங்கி ஓடி வந்தாங்களாம்."

"செருப்பு?"

"எனக்கு எப்புடிப்பா தெரியும்?"

"போட்டிருக்க மாட்டான்" என்றார். "அவன் பதறினா செருப்புத் தேட மாட்டான்." முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ நாளாக நான் பார்க்காத சிரிப்பு. "அப்ப பயமில்ல. நான் செத்தா வந்துருவான்."

எனக்கு வந்ததே கோபம். "செத்த பெறகு வந்து என்னாப்பா பிரயோசனம்? இப்ப ஒரு வார்த்த கூப்புடுங்க, நான் போயிக் கையப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன். ரெண்டு பேருக்கும் என்னா அப்புடி ஒரு வறட்டு ரோசம்?" என்று கத்தினேன். வாசலில் அம்மா கழுவுவதை நிறுத்திவிட்டது.

அப்பா கையை அசைத்து என்னை அடக்கினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கூப்புட்டா வருவானான்னு எனக்குத் தெரிய வேணாம்டி. என்னத் தூக்குறப்ப நாலு தோள்ல அவன் தோளு ஒன்னு இருக்குமான்னுதான் தெரியணும். அதுக்குத்தான் பாக்ஸ அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன்."